கம்பு தந்த வீட்டுக்கு முதல் கிழங்கு

நகரத்தில் ‘சாலை’ என்றே பெயர் கொண்ட கடைவீதியில் பலகார மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி, என் மரச்சீனி சிப்ஸை வாயில் போட்டுப் பார்த்ததே இல்லை. பாக்கெட்டைப் பிரிப்பார், ஒன்றை எடுத்துக் காதோரம் கொண்டுபோய் ஒடிப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் பேச்சு. அதே வீதியில் ஒரு அரிசிக் கடையில் பல வருடம் கணக்கெழுதியவள் நான். அரிசியைக் கடித்துப் பார்ப்பவர்களையும் முகர்ந்து பார்ப்பவர்களையும் நிறையவே கண்டிருக்கிறேன். காதால் தின்று பார்க்கிற மனிதர் இவர் ஒருவர்தான்.

அன்று ஒடித்தார், ஒடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தார். டப்பென்று ஒரு துண்டு தெறித்து மிக்சர் டின்னுக்குப் பின்னால் போய் விழுந்தது.

"யம்மா, போன வாரம் கொண்டாந்தது நல்லா நொறுநொறுன்னு இருந்துச்சு. இது ஓடுல்லா? ஒரே கை, ஒரே எண்ணெ, ஒரே அடுப்புன்னு சொல்லுதிய. பொறவு எப்பிடி வாரத்துக்கு ஒரு கொணம் வரும்?"

"கெழங்கு ஒண்ணுபோல இல்ல அண்ணாச்சி. ஆளுக்கொரு எனம் கொண்டு தாறாங்க."

"அது எனக்கெதுக்கும்மா? கடைக்கு வாரவன் போன வாரம் தின்னதத்தான் இந்த வாரமும் கேக்கான். ஒரே சத்தமா கொண்டாங்க. அடுத்த மாசிக்குள்ள ஒங்களால முடியலேன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன். வருத்தப்படக் கூடாது."

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, பாக்கெட்டுகளைத் திரும்பப் பையில் அடுக்கினேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. ஒரு வீட்டில் வேலை நடக்க வேண்டுமென்றால் யாராவது ஒருத்தர் கோபப்படத்தான் வேண்டும், எங்கள் வீட்டில் அது நான். ஆனால் பஸ் நெடுமங்காடு தாண்டுவதற்குள் கோபம் அண்ணாச்சியை விட்டு இறங்கி, கிழங்கின் மேல் ஏறிவிட்டது. மனிதர் சொன்னதில் தப்பே இல்லை. அவர் போனால் எங்கள் சிப்ஸை வாங்க வேறு பெரிய கடை கிடையாது. சிப்ஸ் வறுக்கிற கொட்டகை அடுப்பை அணைத்துவிட்டு நான் மறுபடியும் யாருக்காவது கணக்கெழுதப் போக வேண்டியதுதான்.

எங்கள் வீடு கல்லாற்றுக்குப் போகும் சாலையில், மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. சரிவான நிலம். மேலே கொஞ்சம் ரப்பர், நடுவில் வாழை, கீழே மரச்சீனி. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மரவள்ளிக்கிழங்கு என்பதை நாங்கள் மரச்சீனி என்போம், இங்கே மலையாளத்தில் கப்பை. சுற்றியிருக்கும் ஐந்து வீட்டுக்காரர்களும் கொஞ்சம் கொஞ்சம் நடுவார்கள். வீட்டுக்குப் போக மிச்சத்தை எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்து போடுவார்கள். தோலுரித்து, சீவி, தண்ணீரில் அலசி, தேங்காயெண்ணெயில் வறுத்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிப் பாக்கெட் போடுவது நானும் என் ஓர்ப்படியாளும்.

என் கொழுந்தனின் மனைவியான அவள் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். கொழுந்தன் லோடு ஏற்ற லாரி கொண்டு போனவர், பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்வதில் சொந்தக்காரர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சாப்பிடாமலே போனார்கள். அவள் அதையெல்லாம் சொல்லிக் காட்டியதில்லை. அதிகம் பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு சீவுவாள். ஒரு சீவலும் தடிமன் மாறாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் நின்றே அறிவித்தேன். இனி எல்லா வீட்டிலும் ஒரே இனம்தான் நட வேண்டும், அது எது என்று நடவு போட்டுப் பார்த்துத் தீர்மானிப்போம் என்றேன். என் வீட்டுக்காரர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"இதுக்கு நட்டுப் பாக்கணுமா? செவப்புத்தண்டுதான். அவிச்சா பூ மாரி மலரும். மத்திக்கொழம்பும் ஊத்தி ஒரு பிடி பிடிச்சா, ஹா!"

"அவிக்கதுக்கு இல்ல, வறுக்கதுக்கு."

"அவிச்சா நல்லாருக்கது வறுத்தா மட்டும் கெட்டா போகும்?"

எங்கள் பக்கத்தில் மரச்சீனியை எல்லோரும் இந்த ஒரே தராசில்தான் நிறுப்பார்கள். அவித்தால் மலருமா? மீன்குழம்புக்குத் தோதா? அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். பக்கத்து நிலத்துச் சேட்டன், ஒரு ஆள் பிடித்து இழுத்தால் மூடு முழுசாக மேலே வருமா, பலமான காற்றில் சாயாமல் நிற்குமா என்று பார்ப்பார். இங்கே ஒரு செடியை ஒரு மூடு என்போம். முக்கில் சாயாக்கடை வைத்திருப்பவர் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் நடுகிறவர், நிலத்துக்காரர் மனசு மாறுவதற்குள் விளைந்துவிடுகிற ஆறுமாசக் கிழங்குதான் அவருக்கு வேண்டும். கிருஷி ஆபீஸ் என்கிற விவசாய அலுவலகத்தில் கேட்டால் இலை சுருட்டை வராத இனத்தைச் சொல்வார்கள். எல்லாரும் சொல்வது நியாயம்தான். எண்ணெயில் போட்டால் என்ன ஆகும் என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை.

நான்கு வரிசை நடுவது என்று முடிவானது. மரச்சீனிக்கு விதை போடுவதில்லை, முற்றின தண்டை வெட்டி அந்தக் கம்பைத்தான் நடுவது. சேட்டன் சிவப்புத்தண்டுக் கம்பு தந்தார். சாயாக்கடைக்காரர் ஆறுமாசக் கம்பு தருவதாகச் சொன்னார். எல்லாம் ஒரே சமயத்தில் முற்ற வேண்டும் என்பதால் அதை மட்டும் ஓணத்துக்கு முன்னால் நட்டால் போதும் என்று ஒதுக்கினேன். கிருஷி ஆபீஸிலிருந்து ஒரு வெள்ளைத்தண்டு கிடைத்தது. நாலாவதுக்கு யாரிடம் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஓர்ப்படியாள் அம்மா வீட்டுக்குப் போனவள் ஒரு கட்டுக் கம்போடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பச்சைத்தண்டு. பழைய சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டி, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"லயத்துக்குப் பின்னால நின்னுச்சுக்கா. சின்னதுல நாங்க இதத்தான் தின்னோம். இதையும் ஒரு வரிசை வெக்கட்டா?"

சேட்டன் கம்பை வாங்கி நகத்தால் தோலைச் சுரண்டிப் பார்த்தார். "இது நீர்க்கப்பையாணு மோளே. வெந்தா சோப்பு மாதிரி வழுவழான்னு இருக்கும். மலராது."

அவள் முகம் சின்னதாகிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. "நாலு வரிசைன்னா நாலு வரிசைதான், வேலியோரம் வையிட்டீ" என்றேன். கிழங்கின் மேல் இருந்த நம்பிக்கையில் அல்ல, சேட்டன் மேல் வந்த எரிச்சலில் சொன்னது அது.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. மரச்சீனிக் கம்பை அண்டை வீட்டுக்கு விலைக்குக் கொடுக்க மாட்டார்கள். கேட்டால் கொடுப்பார்கள், விலை பேசினால் முகம் சுளிப்பார்கள். பதிலுக்கு, விளைந்ததும் முதல் மூட்டிலிருந்து ஒரு கிழங்கு, கம்பு தந்த வீட்டுக்குப் போக வேண்டும். தந்தவர்கள் அதை அவித்துத் தின்றுவிட்டு, நம் மண்ணில் நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். இவ்வளவுதான் வழக்கம். இந்த அழகான வழக்கம் என் நடவை எப்படிச் சாப்பிட்டது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

சித்திரையில் முதல் மழை விழுந்ததும் நட்டோம். தளிர் விட்ட அன்றைக்கே எல்லாரையும் கூட்டிச் சட்டம் போட்டேன். மாசி பிறக்கும்வரை இந்த நான்கு வரிசையில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு வேர்கூட அசையக் கூடாது. எல்லாம் ஒரே நாளில் தோண்டி, ஒரே எண்ணெயில் வறுத்துப் பார்த்தால்தான் பரீட்சை. முதல் கிழங்கும் அன்றைக்குத்தான். எல்லாரும் தலையாட்டினார்கள். சேட்டன், "அதெ அதெ, நியமம் நியமம்தான்னே" என்று இரண்டு தரம் சொன்னார். அந்த இரண்டாவது தரத்தில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நல்ல வருஷம் அது. மழை ஏமாற்றவில்லை, காட்டுப்பன்னியும் வேலியைத் தாண்டவில்லை. மார்கழி வாக்கில் எங்கள் வீட்டில் திடீரென்று மரச்சீனி யோகம் அடித்தது. என் வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒரு தரமாவது நல்ல கிழங்கோடு வருவார். எங்கிருந்து என்று கேட்டால் சேட்டன் தந்தார் என்பார். சேட்டன் வீட்டிலிருந்து தேங்காய் அரைத்துப் போட்டு மசித்த மரச்சீனிப் புழுக்கு கிண்ணத்தில் வரும். கேட்டால் சந்தையில் வாங்கியது என்பார். சாலைக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது சாயாக்கடைக்காரர், "சேச்சி, ஒண்ணு ருசிச்சு நோக்கு" என்று அவித்த கிழங்கை வாழையிலைத் துண்டில் சூடாக வைத்து, சம்மந்தி என்கிற காந்தாரி மிளகாய்ச் சட்னியும் தொட்டுத் தருவார். எனக்குக் கோபம் வருகிற அதே வேகத்தில் பசியும் வரும். நான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இவ்வளவு ருசியான கிழங்கு இந்த வருஷம் எல்லார் வீட்டிலும் விளைந்திருக்கிறதே, என் நடவில் எப்படி இருக்குமோ என்று உண்மையிலேயே ஆசையாக இருந்தது. கும்மாயம்போல் குழைந்த அந்தச் சிவப்புத்தண்டுக் கிழங்கை வாயில் போட்டுக்கொண்டே, மாசி வரட்டும், மாசி வரட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் மூட்டுக்குப் பக்கத்தில் அங்கங்கே மண் புதிதாக இருப்பதைக் கண்டேன். பெருச்சாளி என்றார் என் வீட்டுக்காரர். சேட்டனும் வந்து குனிந்து பார்த்துவிட்டு, பெருச்சாளியேதான் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து பொறி வாங்கி வைத்தார்கள். பொறியில் இரை வைக்க ஒரு மரச்சீனித் துண்டு தேவைப்பட்டது. அது எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை.

மாசி முதல் ஞாயிறு. அம்மன் கோயில் பொங்காலைத் திருவிழாவுக்கு ஊரெல்லாம் தயாராகிக்கொண்டிருந்த சமயம். கொட்டகையில் எண்ணெய் தயார், அடுப்பில் விறகு தயார், தின்று பார்க்க ஐந்து வீட்டுக்காரர்களும் தயார். சிவப்புத்தண்டு வரிசையின் முதல் மூட்டை என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் பிடித்தார். கால்களை அகட்டி, மூச்சைப் பிடித்து, முழு பலத்தோடு ஒரு இழு இழுத்தார்.

செடி சும்மா கையோடு வந்துவிட்டது. மனிதர் பின்பக்கம் அடித்து வாழைக்குழியில் போய் உட்கார்ந்தார். நடுவில் ஒரு விரல் தடிமனில் இரண்டு வேர் தொங்க, செடி அவர் மடியில் கிடந்தது. எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். இரண்டாவது மூட்டைச் சேட்டன் இழுத்தார். அதிலும் ஒரே ஒரு கிழங்கு. மூன்றாவது வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"நாசமாப் போற பெருச்சாளி" என்றார் என் வீட்டுக்காரர் குழியிலிருந்தே.

நான் அந்த மூட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். கிழங்கு இருந்த இடமெல்லாம் சுத்தமாக, நேராக, வெட்டின தழும்பு.

"பெருச்சாளிக்கு எப்ப வெட்டுக்கத்தி கெடச்சுது?"

சேட்டன் ரப்பர் மரங்களைப் பார்த்தார். சாயாக்கடைக்காரர் அடுப்பில் விறகு தள்ளப் போனார். நான் கத்தியைக் கையில் எடுத்ததும் ஒவ்வொருத்தராக உண்மையைக் கக்கினார்கள்.

தொடங்கி வைத்தவர் என் வீட்டுக்காரர். கம்பு தந்த சேட்டனுக்கு மார்கழி வரை முதல் கிழங்கு போகவில்லையே, மரியாதையாக இருக்காதே என்று பக்கவாட்டில் மண்ணைத் தள்ளி, செடிக்குத் தெரியாமல் ஒரே ஒரு கிழங்கை அறுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். "முதல் கெழங்கு என்னோட அவகாசமல்லே சேச்சி!" என்று சேட்டன் தன் உரிமையைச் சொல்லி நெஞ்சில் கை வைத்தார். தன் கிழங்கைத் தின்று பார்த்தவருக்கு, சாயாக்கடைக்காரரின் ஆறுமாசக் கிழங்கைவிட அது ஒசத்திதானா என்று தெரிந்துகொள்ளாமல் இருப்புக்கொள்ளவில்லை. ஒன்று எடுத்தார். அது தெரிந்த சாயாக்கடைக்காரர், தன் இனத்துக்கு மானம் போகக் கூடாதென்று நல்லதாகப் பார்த்து ஒன்று எடுத்தார், கூட ஒப்பிட்டுப் பார்க்கச் சிவப்புத்தண்டிலும் ஒன்று. கிருஷி ஆபீஸ்காரர்களுக்கு முதல் கிழங்கு யார் கொண்டுபோவது? அதை என் வீட்டுக்காரர் அவர்கள் சார்பில் தானே தின்றுவிட்டார். ஒன்று எடுத்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விவசாயம். எல்லாரும் ஒன்றுதான் எடுத்தார்கள். வாராவாரம் எடுத்தார்கள்.

"தனியாவா தின்னோம்? ஒனக்குந்தான தந்தோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. புழுக்கு, காந்தாரிச் சம்மந்தி, மத்திக்குழம்பு எல்லாம் என் நடவுதான். என் பரீட்சையை நானே அவித்து, நானே தின்று, இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று தட்டையும் நீட்டியிருக்கிறேன். கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது சிரிப்பு. ஒரு தரம் சிரிப்பு வந்தபிறகு எந்தக் கோபம் நிற்கும்? மண்ணில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தேன். சேட்டன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

சிரித்து முடித்துத் திரும்பினால், வேலியோரம் ஓர்ப்படியாள் நின்று அழுதுகொண்டிருந்தாள். பச்சைத்தண்டு வரிசையில் முதல் மூட்டை அவளே இழுத்து வெளியே போட்டிருந்தாள். தொடை தொடையாக ஏழெட்டுக் கிழங்கு, ஒரு தழும்பு இல்லாமல்.

"ஏன்ட்டீ அழுக? எம்புட்டு வெளஞ்சிருக்கு!"

"யாருமே எங்கெழங்கக் களவெடுக்கல்லக்கா" என்றாள்.

களவு போகாததற்காக ஒரு பெண் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். பார்த்ததும் என் சிரிப்பு எங்கோ போய்விட்டது. கம்பு தந்தவர்களுக்கு முதல் கிழங்கு என்று தலைகீழாக நின்ற இத்தனை பேரில், இவளும் கம்பு தந்தவள்தானே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வீட்டு மனுஷி என்று என் வீட்டுக்காரர் நினைத்திருக்கலாம். மலராத கிழங்கை யாருக்குக் கொடுப்பது என்றும் நினைத்திருக்கலாம். அவர் குழியிலிருந்து எழுந்து வந்து, அவள் தோண்டிய மூட்டிலிருந்து பெரிய கிழங்காக ஒன்றை அறுத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"தப்பா எடுக்காத தாயி. மறந்துட்டேன்" என்றார். அவர் அப்படி நேராகத் தப்பை ஒப்புக்கொண்டு நான் கேட்டது குறைவு.

மற்ற மூன்று வரிசையிலும் தேடித் தடவியதில் ஒவ்வொன்றிலும் ஒரு வறுப்புக்குத் தேறியது. அது போதும், அடுப்பு ஏற்றுங்கள் என்றேன். முதலில் சிவப்புத்தண்டு. எண்ணெயில் அழகாகப் பொரிந்து பொன்னிறமாக வந்தது. ஆறியதும் கடித்தால், சாலையில் அண்ணாச்சி ஒடித்த அதே ஓடு. அவிக்கையில் மலருகிற அந்த மாவுதான் வறுக்கையில் இறுகிவிடுகிறது என்பது அன்று என் பல்லுக்குப் புரிந்தது. ஆறுமாசக் கிழங்கில் இனிப்பு கூடுதல். உள்ளே வேகுவதற்குள் வெளியே கருத்தது. வெள்ளைத்தண்டு தேவலை, ஆனால் நாரும் சக்கையுமாகப் பல்லில் மாட்டியது.

பச்சைத்தண்டைப் போட்டபோது எண்ணெய் சளசளவென்று அதிக நேரம் பொங்கியது. "நீர்க்கப்பையல்லே, பின்னே?" என்றார் சேட்டன். பொங்கி அடங்கட்டும் என்று ஓர்ப்படியாள் பொறுமையாக நின்றாள். சத்தம் குறைந்ததும் கண்ணாப்பையால் அரித்துத் தட்டில் கொட்டினாள். வெளுப்பாக, லேசாக, ஓரம் நெளிந்து கிடந்தது. ஒருத்தரும் கை நீட்டவில்லை. நான் ஒன்றை எடுத்தேன். ஏனோ வாயில் போடாமல், அண்ணாச்சி மாதிரி காதோரம் வைத்து ஒடித்தேன்.

அந்தச் சத்தம் கொட்டகையில் எல்லாருக்கும் கேட்டது. பிறகு அந்தத் தட்டு காலியாக எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்வதற்கில்லை. சேட்டன் கடைசித் துண்டுக்குச் சாயாக்கடைக்காரரோடு மல்லுக்கு நின்றார்.

ஆனால் தின்பது வேறு, நடுவது வேறு. அன்று சாயங்காலமே சேட்டன் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "சேச்சி, சிப்ஸ் விக்காம போனா இத என்ன செய்யும்? சிவப்புத்தண்டு விக்காட்டியும் கஞ்சிக்குக் கூட்டாகும். இத எவன் திங்கும்?" இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. நிலம் வைத்திருக்கிறவன் கடைக்காரனை நம்பி மட்டும் நட மாட்டான். கடை கைவிட்டால் வயிறாவது நிறைய வேண்டும் என்றுதான் பார்ப்பான். நான் எப்போதும்போல் படபடத்து, "நான் திங்கேன். எல்லார் வீட்டுதையும் நானே திங்கேன்" என்றேன். அடுப்புக்குப் பக்கத்திலிருந்து ஓர்ப்படியாள், "நானுந்தான். எனக்குப் பழக்கம்" என்றாள். கடைசியில், கொல்லைப்பக்கம் சிவப்புத்தண்டு வாய்க்கு, சரிவில் பச்சைத்தண்டு அடுப்புக்கு என்று பேசி முடித்தோம். அதுவும் சாலை அண்ணாச்சி சரி என்றால் மட்டும்.

அண்ணாச்சிக்கு அன்றைக்கு வறுத்ததைக் கொண்டுபோய்ப் பிரயோஜனம் இல்லை. கடை அலமாரியில் கிடந்து கிடந்து விற்கிற பொருள் அது. இரண்டு வாரம் பாக்கெட்டில் இருந்த பிறகும் ஒடிய வேண்டும். பாக்கெட்டுகளை எங்கே வைப்பது? என் வீட்டில் பெருச்சாளி நடமாட்டம் அதிகம் என்பதால் அரிசி டிரம்முக்குள் புதைத்து, மேலே பெரிய அம்மியைத் தூக்கி வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு இடுப்புப் பிடிப்பு உண்டு.

பொங்காலை முடிந்து ஊர் அடங்கியதும், ஓர்ப்படியாளையும் கூட்டிக்கொண்டு சாலைக்குப் போனேன். அவள் அந்தக் கடைக்குள் நுழைவது அதுதான் முதல்முறை. அண்ணாச்சி பாக்கெட்டைப் பிரித்தார். ஒன்றைக் காதோரம் ஒடித்தார். அடியிலிருந்து இன்னொன்றை எடுத்து ஒடித்தார். இரண்டாவது பாக்கெட்டைப் பிரித்து அதிலும் ஒடித்தார். ஓர்ப்படியாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளைபோல.

பிறகு அண்ணாச்சி அந்தச் சிப்ஸை வாயில் போட்டார்.

மென்றார். இன்னொன்று எடுத்தார். "இது எந்த ஊருக் கெழங்கும்மா?" என்றார் வாய் நிறைய.

"போனக்காடு" என்றாள் ஓர்ப்படியாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

அந்தச் சித்திரையில் ஐந்து வீட்டுக்காரர்களும் கம்புக்கு வந்தார்கள். என்னிடம் வந்தவர்களை அவளிடம் அனுப்பினேன். அவள் கம்புகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, கீழ்முனை மேல்முனை மாறாமல் அடுக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் கையில் எடுத்துக் கொடுத்தாள். சேட்டன் பழக்கதோஷத்தில் நகத்தால் தோலைச் சுரண்டினார். நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நன்றாகவே விளைந்தது. போன மாசியில் ஒரு காலை, கதவைத் திறந்தால் சேட்டன் முற்றத்தில் நிற்கிறார், வாழையிலையில் சுற்றிய ஒரு கிழங்கோடு. என்னைத் தாண்டிப் பார்த்து, "போனக்காட்டு அம்மை இல்லே? முதல் கெழங்கு" என்றார். பின்னாலேயே சாயாக்கடைக்காரர். அவருக்குப் பின்னால் மற்ற மூன்று வீட்டிலிருந்தும் ஆள். கடைசியில் என் வீட்டுக்காரர் கொல்லைப்பக்கமாகச் சுற்றி, யாரோ விருந்தாளிபோல முன்வாசலுக்கு வந்து, குளித்து விபூதி பூசிய முகத்தோடு தன் கிழங்கையும் வைத்தார்.

ஓர்ப்படியாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். காலடியில் ஆறு வீட்டுக் கிழங்கு. வழக்கம் என்றால் வழக்கம்தான், கம்பு தந்தவள் அவித்துத் தின்றுவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லாரும் போகாமல் நின்றார்கள். அவள் உள்ளே போய் அண்டாவை ஏற்றினாள், உப்புப் போட்டு அவித்தாள், சின்னதில் தின்ற மாதிரியே புளிக்குழம்பு வைத்தாள். சேட்டன் சொன்னது பொய்யில்லை, சோப்புபோல வழுவழுவென்றுதான் இருந்தது. ஒன்றுகூட மலரவில்லை. வரிசையாக உட்கார்ந்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், எல்லாரும் அதைத் தின்றோம்.

அவள் ஒவ்வொரு வீட்டுக் கிழங்கிலும் ஒரு வாய் எடுத்துத் தின்றாள். கண் நிறைந்திருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"நம்ம மண்ணுல நல்லா வந்திருக்கு" என்றாள்.

சேட்டன் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.